முதலில் பதவுரை சொல்லுங்கள்: பெங்களூரு திரைப்படச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் மாதம் தவறாமல் நல்ல படங்களைத் தேடிப் பிடித்துத் திரையிடும் எல்லாச் சங்கங்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எந்த ஒரு சங்கத்தையும் தனியாகச் சுட்டவில்லை. அரங்க வாடகை, படத்துக்கு அனுமதி, ப்ரொஜெக்டர், ஒலிபெருக்கி என்று இதில் எவ்வளவு அலைச்சல் இருக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் இல்லாவிட்டால் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் படமோ இந்தி இயக்குநர் மணி கௌலின் படமோ எங்கள் கண்ணில் பட்டிருக்காது. அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

படங்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. மெதுவாகப் போகிறது, கதை இல்லை, பாட்டு இல்லை என்று புகார் சொல்ல வரவில்லை. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு பேச்சு தொடங்குகிறதே, அதுதான் எங்களை அரங்கத்தை விட்டு வெளியே தள்ளுகிறது.

நான் இங்குள்ள ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தவன். கடைசிச் சில வருடங்கள் அப்ரண்டிஸ் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். வீடு அல்சூரில். என்னோடு படம் பார்க்க வருகிறவர்களில் மர்பி டவுனில் எலெக்ட்ரீஷியனாக இருப்பவர் உண்டு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை உண்டு, கார்மென்ட்ஸில் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் ஒரு பெண்மணி உண்டு. நாங்கள் யாரும் சினிமா படித்தவர்கள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள்.

மணி கௌல் 1969-இல் எடுத்த 'உஸ்கி ரோட்டி'யை ஒரு சங்கத்தில் போட்டார்கள். இந்தி எழுத்தாளர் மோகன் ராகேஷின் சிறுகதையை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பஞ்சாபில் பஸ் ஓட்டும் சுச்சா சிங்குக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு அவன் மனைவி பாலோ தினமும் சாலையோரத்தில் வந்து நிற்பாள். ஒருநாள் வரத் தாமதமாகிவிடுகிறது. அவன் கோபித்துக்கொண்டு ரொட்டியை வாங்காமலேயே பஸ்ஸைக் கிளப்பிப் போய்விடுகிறான். அவள் இருட்டும் வரை அங்கேயே நிற்கிறாள். கதை என்று எடுத்துச் சொன்னால் அவ்வளவுதான். எங்களுக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. கணவன் வருவானா என்று பஸ் ஸ்டாப்பில் நிற்பது என்றால் என்ன என்று எங்களில் பாதிப் பேருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படம் முடிந்ததும் பேச வந்தவர் நன்றாகப் படித்தவர், அதில் சந்தேகமில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆங்கிலத்தில் பேசினார். 'லிமினல் ஸ்பேஸ்' என்றார், 'டெம்பொரல் டிஸ்லொகேஷன்' என்றார், 'ஃபீமேல் சப்ஜெக்டிவிட்டி' என்றார். அப்புறம் கேள்வி நேரம். நான் சொன்ன அந்தக் கார்மென்ட்ஸ் பெண்மணி எழுந்து கன்னடத்தில் கேட்டார்: "சார், அந்த அம்மா ஏன் அழவே இல்லை? பேசும்போதுகூடப் பாடம் ஒப்பிக்கிற மாதிரியே பேசுகிறாள். வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தார்களா?"

இதைவிட நல்ல கேள்வி அன்று அந்த அரங்கத்தில் யாரும் கேட்கவில்லை. அந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பதிலாக அவருக்குக் கிடைத்தவை மூன்று ஐரோப்பிய அறிஞர்களின் பெயர்களும் 'பெர்ஃபார்மேட்டிவிட்டி' என்ற சொல்லும். "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்த திரையிடலுக்குக் கூப்பிட்டபோது, "எனக்கெதற்கு அண்ணா அதெல்லாம், படித்தவர்கள் பார்க்கிற படம்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் மிகவும் எளிது. ஆமாம் அம்மா, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்கள். பிரான்சில் ராபர்ட் ப்ரெஸ்ஸோன் என்று ஓர் இயக்குநர் இருந்தார். தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்துவிட்டு, நடிப்பே அறியாதவர்களைக் கூட்டிவந்து, வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார். சொல்லிச் சொல்லி அதிலிருந்த நடிப்பெல்லாம் வடிந்துபோன பிறகுதான் அவருக்குத் திருப்தி. அவரைப் பார்த்து மனதைப் பறிகொடுத்த மணி கௌல் அந்த வழியிலேயே போனார். முகத்தில் அழுகையைக் காட்டிவிட்டால் நாம் அழுதுவிட்டுப் போய்விடுவோம். காட்டாவிட்டால் அவள் கையை, சாலையை, வெயிலை, நேரத்தைப் பார்க்கத் தொடங்குவோம். இது உங்களுக்குப் பிடித்ததா இல்லையா, சொல்லுங்கள். இப்படிப் பேசியிருந்தால் அந்தப் பெண்மணி அங்கேயே பத்து நிமிடம் பேசியிருப்பார்.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். இது எனக்கே பிறகுதான் தெரியவந்தது. அன்று யாரும் சொல்லவில்லை. அந்தப் படத்தில் மணி கௌல் முக்கியமாக இரண்டு லென்ஸ்களை வைத்து வேலை செய்தார். ஒன்று 28 மில்லிமீட்டர், இன்னொன்று 135 மில்லிமீட்டர். முதலாவது அகலமாகப் பார்க்கும். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்து துலக்கமாகத் தெரியும். இரண்டாவது தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கும். பின்னணி கலங்கிப் போகும். தொடக்கத்தில் ஒரு லென்ஸை பாலோவின் வெளி உலகத்துக்கும் மற்றதை அவள் மனதில் ஓடுவதற்கும் வைத்துக்கொண்டு, போகப்போக இரண்டையும் மாற்றிப் போட்டார். அதனால்தான் கடைசியில், அவள் பார்ப்பது நடப்பதா நினைப்பதா என்று நமக்குப் பிடிபடாமல் போகிறது. எங்களுக்கு ஏற்பட்ட குழப்பம் எங்கள் அறிவுக் குறைவால் வந்தது இல்லை, கேமராவில் திட்டமிட்டு வைத்தது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கருவியைக் கையில் பிடித்து வேலை செய்த எவனுக்கும் அந்தச் சந்தோஷம் வரும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

தொழிலுக்கென்று தனிச் சொற்கள் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையே அப்படிப்பட்ட சொற்களோடு ஓடியதுதான். வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7, அதற்குள் போகும் ஷாஃப்டுக்கு, அதாவது உருளைத் தண்டுக்கு, ஜி6 என்று போட்டிருந்தால், டூல் ரூமில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். துளைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே குறைந்தது 7 மைக்ரான், அதிகம் போனால் 41 மைக்ரான் இடைவெளி என்று அர்த்தம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த நாலு எழுத்து இல்லாவிட்டால் ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். ஆனால் புதிதாக வரும் பையனிடம் முதல் நாளே எச்7, ஜி6 என்று நாங்கள் பேசுவதில்லை. கையில் ஒரு புஷ்ஷையும் (துளையுள்ள உலோக வளையம்) மூன்று ஷாஃப்டுகளையும் கொடுப்போம். ஒன்று சும்மா வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், ஒன்று கையால் அழுத்தினால் போகும், ஒன்றைப் பிரஸ்ஸில் வைத்து ஏற்ற வேண்டும். விரல் அதை உணர்ந்த பிறகு பெயரைச் சொன்னால், வேலையை விட்டுப் போகும் வரை அவனுக்கு மறக்காது. நீங்களும் அப்படிச் செய்யலாம். 'நான்-டயஜெடிக் சவுண்ட்' என்று சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால், கதைக்குள் இருப்பவர்கள் காதில் விழாமல் நம் காதில் மட்டும் விழும் ஓசை ஒன்றை எங்களைக் கேட்க வையுங்கள்.

அடுத்தது குறியீடு. எனக்கு இதில் இன்னும் பெரிய வருத்தம் உண்டு.

எந்தப் படம் போட்டாலும் கடைசியில் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. மழை எதைக் குறிக்கிறது, நாய் எதைக் குறிக்கிறது, கதவு திறந்திருப்பதற்கு என்ன பொருள். ஒருவர் விடை சொல்வார், இன்னொருவர் அதைவிட ஆழமான விடை சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் ஆட்கள் மனதில் ஓர் எண்ணம் விழுந்துவிடுகிறது: படம் என்பது ஒரு விடுகதை, விடை எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது, அது தெரிந்தவர்கள்தான் படம் பார்க்கத் தகுதி உள்ளவர்கள். பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் பயப்படுவதுபோலப் பெரியவர்கள் ஒரு படத்துக்குப் பயப்படுகிறார்கள்.

படம் எடுத்தவர்களே இதை ஏற்றுக்கொண்டதில்லை. ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' 1979-இல் வந்தது. அதில் வரும் 'ஸோன்' என்ற மர்மமான தடைசெய்யப்பட்ட பகுதி எதன் குறியீடு என்று அவரைக் கேட்டுக் கேட்டுச் சலிக்க வைத்திருக்கிறார்கள். அது எதன் குறியீடும் இல்லை, ஸோன் என்பது ஸோன்தான், அது வாழ்க்கை என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் படங்களில் ஓயாமல் பெய்யும் மழைக்கும் அதே பதில்தான். அவர் வளர்ந்த நிலத்தில் அப்படித்தான் நாள் கணக்கில் மழை பிடித்துக்கொள்ளும் என்றார். ஸ்பெயின்காரர்களான இயக்குநர் லூயி புனுவேலும் ஓவியர் சால்வடோர் டாலியும் 1929-இல் ஒரு குறும்படம் எடுத்தார்கள். கையில் எறும்பு ஊரும், கண்ணைக் கத்தி கிழிக்கும். அதற்குத் திரைக்கதை எழுத உட்கார்ந்தபோது இருவரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: அறிவால் விளக்கம் சொல்ல இடம் தரும் எந்தப் படிமத்தையும் சேர்ப்பதில்லை. எறும்பு டாலி கண்ட கனவு, கத்தி புனுவேல் கண்ட கனவு. இதைச் சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டால், "எனக்குப் புரியவில்லை" என்று யாரும் கூசிக்கொண்டு உட்கார மாட்டார்கள். "எனக்கும்கூட இப்படி ஒரு கனவு வந்தது" என்று நாலு பேராவது பேச ஆரம்பிப்பார்கள்.

நாங்கள் குறிப்பாகச் சொல்வதைப் புரிந்துகொள்ளாத கூட்டத்திலிருந்து வந்தவர்களும் இல்லை. குறுந்தொகையில் கபிலர் பாடிய 25-ஆம் பாட்டைத் தமிழ் படித்த பலருக்கும் தெரியும். அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் அங்கே இல்லை, அவன்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி, தன் காதலனைப் பற்றி. அப்புறம் நினைவு வந்ததுபோலச் சொல்கிறாள்: ஒரு குருகும் இருந்தது. தினைத்தாள் போல ஒல்லியான பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் குருகுக்கு எத்தனையோ பொருள் சொல்லலாம். இரையிலேயே குறியாக நின்ற பறவை சாட்சிக்கு வராது என்று படிக்கலாம். அவனும் அப்படித்தான் காத்திருந்து கொத்தியவன் என்று படிக்கலாம். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கால் எவ்வளவு மெல்லியது என்று பார்க்காதவனுக்கு இந்தப் பொருள் ஒன்றும் ஒட்டாது. தண்ணீரில் நிற்கும் பறவையாக முதலில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கபிலர் அதற்காகத்தான் அந்தக் காலுக்கு அவ்வளவு இடம் கொடுத்தார்.

இப்படிப்பட்ட பாட்டுகளை இரண்டாயிரம் வருடம் கழித்து எங்களால் எப்படிப் படிக்க முடிகிறது? உரைகாரர்கள் இருந்ததால். உ.வே.சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பை எடுத்துப் பாருங்கள். பாட்டைத் தருகிறார். யார் யாரிடம், எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்று தருகிறார். பிறகு பதவுரை, ஒவ்வொரு சொல்லாக. பிறகு முடிபு, கருத்து. அதற்கெல்லாம் அப்புறம்தான் விசேடவுரை, அதாவது ஆழமான விளக்கம், வருகிறது. வேறு நூல்களில் இதே கருத்து எங்கெங்கே வருகிறது என்பது அதற்கும் பின்னால். அவருக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கு தெரிந்தவர்கள்கூட நேராக விசேடவுரைக்குத் தாவியிருப்பார்கள். அவர் தாவவில்லை. படிக்கிறவன் கையைப் பிடித்து, சொல் சொல்லாக உள்ளே அழைத்துப் போனார். அந்தப் பெரும் படிப்பாளி படிக்கிறவன்மேல் வைத்திருந்த மரியாதை அது.

உங்களிடம் நான் கேட்பதும் அந்த வரிசைதான். திரையில் என்ன இருந்தது, என்ன கேட்டது, எவ்வளவு நேரம் இருந்தது, கேமரா எங்கே நின்றது. இந்தப் பதவுரையை முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லி முடிக்கும்போதே பாதிப் புதிர் விலகிவிடும். விசேடவுரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதன் முறை வரும்போது நாங்கள் ஆசையாகக் கேட்போம்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, "எல்லாவற்றையும் எளிமையாக்கச் சொல்கிறார், கனமான படங்களை விட்டுவிடச் சொல்கிறார்" என்று நினைத்துவிடக் கூடாது. கனமான படங்களையே போடுங்கள். கேரள இயக்குநர் ஜான் ஆப்ரஹாம் 1977-இல் தமிழில் எடுத்த 'அக்கிரகாரத்தில் கழுதை'யை எங்கள் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டியைப் பேராசிரியர் ஒருவர் வளர்க்கிறார், அக்கிரகாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார், ஊரே சேர்ந்து அதைக் கொல்கிறது, பிறகு அதே கழுதைக்குக் கோயில் கட்ட நினைக்கிறது. யாரை அடித்துவிட்டு யாரைக் கும்பிடுகிறோம் என்பது தமிழ் உழைப்பாளிகள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறவனுக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். அவன் பேசினால் உங்கள் பேச்சாளர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளலாம்.

அதே ஜான் ஆப்ரஹாம்தான் 1980-களில் கேரளத்தில் நண்பர்களோடு ஒடேஸா என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் உலகப் படங்களைப் போட்டார்கள். ஜனங்களிடம் துண்டு ஏந்திச் சேர்த்த காசில் 1986-இல் 'அம்மா அறியான்' எடுத்தார்கள். தெருவிலும் திடலிலும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சினிமாச் சொற்கள் எத்தனை தெரிந்திருக்கும்? நமக்குப் பக்கத்து மாநிலத்தில், நம் காலத்திலேயே நடந்த காரியம் இது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது கன்னட நாடு. முதலில் கன்னடத்தில் பேசுங்கள். இங்கே பிழைக்கிற தமிழர்கள் பெரும்பாலோருக்குக் கன்னடம் புரியும், பலரும் பேசுவோம். கிரீஷ் காசரவள்ளி 'கடஸ்ராத்த' எடுத்துத் தேசிய விருது வாங்கிய மொழி அது. அந்த மொழியில் படத்தைப் பற்றிப் பேச முடியாதா என்ன? அல்சூர், விவேக் நகர் பக்கம் போடும்போது தமிழில் ஒரு பக்கம், சிவாஜி நகர் பக்கம் போடும்போது உருதுவில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். கதைச் சுருக்கம், எடுத்தவர் யார், எந்த வருடம், கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம், போதும். வங்காளப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போடுகிறீர்கள். வேகமாக ஆங்கிலம் படிக்க வராதவர்களுக்கு அந்த இரண்டு வரி படிப்பதற்குள் போய்விடுகிறது, எழுத்தையும் பார்க்க முடியாமல் முகத்தையும் பார்க்க முடியாமல் தவிக்கிறார்கள். முன்கூட்டியே கதை தெரிந்திருந்தால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பார்கள். கதை தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று சிலர் சொல்வதுண்டு. கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்கள் நாங்கள், திரௌபதிக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டேதான் பார்த்தோம்.

விளக்கு எரிந்ததும் மைக்கை முதலில் பேச்சாளரிடம் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் அரங்கத்தில் சுற்றி வரட்டும். "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், "என்ன புரிந்தது?" என்று கேட்க வேண்டாம். பேச்சாளருக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும். அதற்காக அவர்மேல் எங்களுக்கு மதிப்பு குறையாது, கூடும்.

தமிழ்ப் பக்கத்தை நானும் அந்த ஆசிரியையும் சேர்ந்து எழுதித் தருகிறோம். படத்தை ஒரு வாரம் முன்னால் எங்களுக்குக் காட்டினால் போதும், காசு எதுவும் வேண்டாம்.

கட்டக்கின் 'மேக தக்க தாரா'வை (1960) மறுபடி போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். தான் விரும்பியவன் வீட்டில் தன் தங்கையே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு கதாநாயகி நீதா படிக்கட்டில் இறங்கி வரும் காட்சியில், சாட்டையால் அடிக்கும் ஓசை கேட்கும். அங்கே சாட்டையும் இல்லை, அடிப்பவனும் இல்லை. படம் முடிந்ததும் அந்தக் காட்சியை மட்டும் இன்னும் இரண்டு தடவை போடுங்கள், ஒரு தடவை ஒலியை நிறுத்திவிட்டு, ஒரு தடவை ஒலியோடு. பிறகு மைக்கை அந்தக் கார்மென்ட்ஸ் பெண்மணியிடம் கொடுங்கள். அவரைக் கூட்டிவருவது என் பொறுப்பு.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு பார்வையாளன்